கர்ணன் சாவான் என்று தெரிந்தவர்களுக்கான ஆட்டம்

கர்ண மோட்சம் கூத்துக்கு வந்து உட்காருகிறவர்களில், விடிவதற்குள் கர்ணன் செத்துவிடுவான் என்று தெரியாதவர் ஒருவர்கூடக் கிடையாது. எங்கள் கணியம்பாடிப் பக்கத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் வைத்தால், பகலில் பிரசங்கியார் கதையைப் படித்து விளக்கம் சொல்லிவிடுவார். இரவு பத்து மணிக்கு மேல் அதே பகுதியைக் கூத்தாக ஆடுவார்கள். மதியமே கேட்டு முடித்த கதைக்குத்தான் ஊர்ச் சனம் பாயும் போர்வையுமாக வந்து விடிய விடிய உட்கார்ந்திருக்கிறது. போருக்குக் கிளம்பும் கர்ணனை அவன் மனைவி பொன்னுருவி மறித்துப் பேசும் இடம் நீண்டுகொண்டே போகும். அந்த நேரத்தில் டீக்கடைப் பக்கம்கூட யாரும் எழுந்து போவதில்லை. அவன் திரும்பி வரமாட்டான் என்று நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. கூத்து முழுக்க அந்த இடைவெளியில்தான் நடக்கிறது.

வீடியோ கேம் பற்றி எழுதும்போது இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒரு பெரிய கேம் தொடரிலிருந்து கிளை பிரிந்து வரும் ஸ்பின்-ஆஃப் கேம்களுக்கு எழுதப்படும் ரிவ்யூக்களில் பெரும்பாலானவை ஒரே வாக்கியத்தில் வந்து முடிகின்றன: ‘தொடரின் ரசிகர்களுக்குப் பிடிக்கும், மற்றவர்கள் தவிர்க்கலாம்.’ இதை நான் மதிப்பீடாகவே எடுத்துக்கொள்வதில்லை. ரசிகனுக்கு ஏற்கெனவே என்ன தெரியும், தெரிந்ததை வைத்துக்கொண்டு இந்த ஆட்டம் என்ன செய்கிறது என்று சொன்னால்தான் அது மதிப்பீடு. பொன்னுருவி பேசும் காட்சியைப் பார்த்துவிட்டு ‘மகாபாரத ரசிகர்களுக்குப் பிடிக்கும்’ என்று மட்டும் ஒருவர் சொன்னால், அவர் அங்கே என்னத்தைப் பார்த்தார் என்று நாம் கேட்போம் இல்லையா?

எல்லா ஸ்பின்-ஆஃபும் ஒரே மாதிரி இல்லை என்பதை முதலில் பிரித்துக்கொள்ள வேண்டும். 1992-இல் வந்த சூப்பர் மாரியோ கார்ட், மாரியோ தொடரின் ஆட்களை ரேஸ் காரில் ஏற்றிய ஆட்டம். அதை ஆட மாரியோ யார் என்றே தெரிந்திருக்க வேண்டாம். 1999-இல் வந்த போக்கிமான் ஸ்னாப்பில் போக்கிமான்களைப் பிடிப்பதற்குப் பதிலாக போட்டோ எடுக்க வேண்டும். அதுவும் புதியவருக்குப் புரியும். இவற்றில் பெயரும் உருவமும்தான் கிளைக்கு வருகின்றன. இன்னொரு வகையில் கதையே கிளைக்கு வருகிறது. மூலத்தை ஆடியவரின் நினைவை நம்பித்தான் அந்த ஆட்டம் எழுதப்பட்டிருக்கும். ஜப்பானில் இதற்கு ‘கைடென்’ என்றே பெயர். புறக்கதை என்று வைத்துக்கொள்ளலாம். மதிப்பிடுவதற்குச் சிக்கலானது இந்த இரண்டாவது வகைதான்.

இவை ஏன் இத்தனை வருகின்றன என்பதற்குக் காரணம் எளிது. ஒரு பெரிய கேமை உருவாக்க இப்போது ஐந்தாறு ஆண்டுகள் ஆகின்றன. செல்டா தொடரின் பிரெத் ஆஃப் தி வைல்ட் 2017 மார்ச்சில் வந்தது. அதன் நேரடித் தொடர்ச்சியான டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் 2023 மே மாதம்தான் வந்தது. இடையில் ஆறு ஆண்டுகள் ரசிகர்கள் சும்மா இருக்க வேண்டும். ஏற்கெனவே செய்து வைத்த உருவங்கள், நிலப்பரப்பு, இசை எல்லாம் கையில் இருக்கின்றன. அவற்றை வேறொரு குழுவிடம் கொடுத்து வேறு வகை ஆட்டமாகச் செய்யச் சொன்னால் செலவும் காலமும் குறையும். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கூத்திலும் ஒரே மரக்கட்டை அணிகளையும் தோளில் கட்டும் புஜகீர்த்திகளையும் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொரு இரவும் வேறு வேஷம் கட்டுகிறார்கள். பழைய பொருளைத் திரும்பப் பயன்படுத்தியதைக் குற்றமாக எழுதும் ரிவ்யூக்களைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும்.

ஒரே அறை, இரண்டு தீர்ப்பு

2020 நவம்பர் 20 அன்று ஹைரூல் வாரியர்ஸ்: ஏஜ் ஆஃப் கலாமிட்டி வெளிவந்தது. நிண்டெண்டோவின் செல்டா தொடருக்காக கோயி டெக்மோ நிறுவனத்தின் ஒமேகா ஃபோர்ஸ் குழு செய்தது. என் அக்கா மகன் அப்போது காட்பாடியில் படித்துக்கொண்டிருந்தான். ஆட்டம் ஓடும் ஸ்விட்ச் என்ற நிண்டெண்டோ கருவி அப்போது இந்தியாவில் அதிகாரபூர்வமாக விற்பனைக்கு வந்திருக்கவில்லை என்பதால், துபாயிலிருந்து வந்த உறவினர் மூலம் வாங்கியிருந்தான். பிரெத் ஆஃப் தி வைல்டை இரண்டு முறை முழுக்க ஆடியவன். அவனுடைய நண்பன் ஒருவன் செல்டாவைத் தொட்டதே இல்லை.

இருவரும் ஒரே கருவியில், ஒரே அறையில் ஆடி முடித்தார்கள். நண்பனுக்கு ஒரே கொண்டாட்டம். ஒரு வீச்சில் நூறு பேரை வீழ்த்தும் ஆட்டம், நேரம் போனதே தெரியவில்லை என்றான். என் அக்கா மகன் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டு, “மாமா, இது நான் பார்க்க வந்த கதை இல்லை மாமா” என்றான். குரலில் கோபத்தைவிட ஏமாற்றம்தான் அதிகம் இருந்தது. அன்றிலிருந்து இந்த விஷயம் என் மனதில் ஓடிக்கொண்டே இருக்கிறது. புதியவனுக்குப் பிடித்து ரசிகனுக்குப் பிடிக்காமல் போன ஸ்பின்-ஆஃப் அது. ‘ரசிகர்களுக்குப் பிடிக்கும்’ என்ற வழக்கமான வாக்கியம் அந்த அறையில் தலைகீழாகிவிட்டது.

என்ன நடந்தது என்று புரிய மூலக்கதை கொஞ்சம் தெரிய வேண்டும். பிரெத் ஆஃப் தி வைல்டில் நாயகன் லிங்க் நூறு ஆண்டு உறக்கத்திலிருந்து நினைவிழந்து எழுகிறான். பேரழிவில் நாடு ஏற்கெனவே விழுந்துவிட்டது. மிஃபா, டாருக், ரெவாலி, உர்போசா என்ற நான்கு வீரர்கள் தங்கள் இயந்திர விலங்குகளுக்குள்ளேயே கொல்லப்பட்டுவிட்டார்கள். ஆட்டம் முழுக்க நாம் இடிபாடுகளுக்கு நடுவே நடக்கிறோம். ஹடெனோ கோட்டைக்கு முன்னால் இருக்கும் சமவெளியில் பாசி படிந்த கார்டியன் இயந்திரங்கள் செத்துக் கிடக்கின்றன. இங்கே என்ன போர் நடந்திருக்கும் என்று நம் மனம் தானாகக் கற்பனை செய்துகொள்கிறது. வேலூர்க் கோட்டை அகழியைத் தாண்டிப் போகும்போது 1806 ஜூலை 10 விடியற்காலையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபோது இந்தச் சுவர்களுக்குள் எப்படி இருந்திருக்கும் என்று நமக்குத் தோன்றுமே, அதே ஏக்கம்தான்.

ஏஜ் ஆஃப் கலாமிட்டியை அறிவிக்கும்போது, அந்த நூறு ஆண்டுகளுக்கு முந்தைய கதை இது என்றுதான் சொன்னார்கள். ரசிகன் ஒரு தோல்வியைப் பார்க்கத் தயாராகி வந்தான். மிஃபா எப்படிச் சாகிறாள், ஹடெனோ கோட்டையில் லிங்க் எப்படி விழுகிறான் என்று பார்த்து அழ வந்தான். ஆனால் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே ஒரு குட்டிக் கார்டியன் காலத்தில் பின்னோக்கிப் போய்விடுகிறது. அதனால் நடந்தவை மாறுகின்றன. நால்வரும் சாக வேண்டிய நேரத்தில் எதிர்காலத்திலிருந்து உதவி வந்து சேர்கிறது. எல்லோரும் பிழைக்கிறார்கள்.

இது தவறா? சில ரசிகர்களுக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. சிடோன் தன் அக்கா மிஃபாவை உயிரோடு பார்க்கும் கணத்தில் கண் கலங்கியவர்கள் உண்டு. அந்தக் கண்ணீரும் மூலத்தை ஆடியவர்களுக்குத்தான் வரும், புதியவருக்கு வராது. எனவே ஆட்டம் ரசிகனை மறந்துவிட்டது என்று சொல்ல முடியாது. ரசிகனிடம் இருந்த இரண்டு ஆசைகளில், ‘பார்க்க வேண்டும்’ என்பதை விட்டுவிட்டு ‘காப்பாற்ற வேண்டும்’ என்பதை எடுத்துக்கொண்டது. என் அக்கா மகனிடம் இருந்தது முதல் ஆசை.

விற்பனையில் குறையே இல்லை. சில நாட்களிலேயே 30 லட்சம் பிரதிகள் அனுப்பப்பட்டதாக கோயி டெக்மோ அறிவித்தது. கூட்டம் கூடிவிட்டால் கருவி திணறுகிறது, படம் துண்டு துண்டாக ஓடுகிறது என்ற குறையை அநேகமாக எல்லா ரிவ்யூவும் சொன்னது, சரியாகவே சொன்னது. ரசிகனுக்கான ஆட்டம் என்பதால் தொழில்நுட்பக் குறையைப் பொறுத்துக்கொள்ளச் சொல்லக் கூடாது. ஆனால் என் அக்கா மகனுக்குத் தேவைப்பட்ட தகவல் அதுவல்லவே.

அவனுக்குத் தேவைப்பட்ட தகவலைச் சொன்னால் கதையே வெளிப்பட்டுவிடும். ரிவ்யூ எழுதுகிறவரின் உண்மையான சங்கடம் இதுதான். ரசிகனுக்கு மிக முக்கியமான உண்மை எதுவோ அதையே சொல்லக் கூடாத நிலை. முன்கூட்டியே பிரதி தரும் நிறுவனங்கள் எதுவரை எழுதலாம் என்று நிபந்தனையும் போடுகின்றன. இதற்கு நான் பின்பற்றும் வழி, முடிவைச் சொல்லாமல் ஒப்பந்தத்தைச் சொல்வது. ‘உங்களுக்குத் தெரிந்த வரலாற்றை அப்படியே நடத்திக்காட்டும் ஆட்டம் இது இல்லை. தொடக்கக் காட்சியிலேயே அது தெரிந்துவிடும்’ என்று எழுதினால் போதும். யாருடைய சுவாரஸ்யமும் கெடாது. தோல்வியைப் பார்க்க வருகிறவன் தெரிந்தே வருவான்.

அல்லி எப்படி ஏற்கப்பட்டாள்

கிளைக்கதை மூலத்தை மாற்றவே கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொன்னால் நம் ஊரின் பாதிக் கதைகள் போய்விடும். வியாச பாரதத்தில் அல்லி இல்லை, பவளக்கொடி இல்லை. இந்த இரண்டு ராணிகளும் தமிழ்நாட்டில் முளைத்து அர்ச்சுனனோடு சேர்ந்தவர்கள். பெரிய எழுத்துப் புத்தகங்களாகவும் நாடகங்களாகவும் ஊர் ஊராகப் போனார்கள். ‘இது மூலத்தில் இல்லை’ என்று யாரும் எழுந்து போகவில்லை. ஏன் என்று யோசித்தால், இந்தக் கதைகள் எங்கே நடக்கின்றன என்பதில் விடை இருக்கிறது. போருக்கு முந்திய காலத்தில், அர்ச்சுனன் ஊர் சுற்றும் வெற்றிடத்தில் நடக்கின்றன. அல்லி வந்ததால் குருட்சேத்திரத்தில் ஒரு அம்புகூடத் திசை மாறவில்லை.

அரவான் கதை இன்னும் நுட்பமானது. வியாச பாரதத்தில் அவன் போரின் எட்டாம் நாள் அலம்புசன் என்ற அரக்கனால் கொல்லப்படுகிறான். தமிழில் அவன் போர் தொடங்குவதற்கு முன்பே களப்பலியாகிறான். சாவு நடக்கும் விதம் முழுக்க மாறிவிட்டது. ஆனால் அவன் சாவான் என்பது மாறவில்லை. மூலத்தைவிட அதிகமாக அவனுக்காக அழ முடிகிறது.

இதை வைத்துத்தான் நான் ஸ்பின்-ஆஃப்களைப் பார்க்கப் பழகினேன். மூலக்கதை விட்டுவைத்த வெற்றிடத்தில் கிளை வளர்கிறதா? தெரிந்த முடிவை வேறு வழியில் போய்த் தொடுகிறதா? அல்லது அடிமரத்தையே வெட்டி வேறு திசையில் ஒட்டுகிறதா? மூன்றிலும் நல்ல ஆட்டம் வரலாம். ஆனால் மூன்றாவதைச் செய்யும் ஆட்டம் தன் ரசிகர்களை இரண்டாகப் பிரிக்கும். அதைச் சொல்லாத ரிவ்யூ வேலையைப் பாதியில் விட்ட ரிவ்யூ.

தெரிந்த முடிவை வேறு வழியில் போய்த் தொடும் வகைக்கு என்னிடம் ஒரு பிரியமான உதாரணம் இருக்கிறது. வேலூரில் நெட் சென்டர்கள் நிறைந்திருந்த காலத்தில் பள்ளி படித்தவர்களுக்கு ஜிடிஏ வைஸ் சிட்டியை அறிமுகப்படுத்தவே வேண்டாம். சத்துவாச்சாரியில் நாங்கள் போகும் சென்டரில் அதற்காகவே வரிசையில் நிற்போம். ஒருவன் ஆட, நான்கு பேர் பின்னால் நின்று பார்ப்போம். 2002-இல் வந்த அந்த ஆட்டத்தின் முதல் காட்சி நினைவிருக்கிறதா? போதைப்பொருள் கைமாற ஹெலிகாப்டரில் வந்து இறங்குகிறார்கள். திடீரென்று துப்பாக்கிச் சூடு. வந்தவர்களில் ஒருவன் அங்கேயே விழுகிறான். அவன் பெயரைக்கூட நாங்கள் கவனித்ததில்லை. காட்சியைத் தாண்டிவிட்டு சீக்கிரம் பைக்கில் ஏற வேண்டும், அவ்வளவுதான்.

விழுந்தவன் விக்டர் வான்ஸ். 2006-இல் பிஎஸ்பி என்ற கையடக்கக் கருவிக்கு வந்த வைஸ் சிட்டி ஸ்டோரீஸ் அவன் கதை. 1984-இல் நடக்கிறது, மூல ஆட்டத்துக்கு இரண்டு ஆண்டு முன்னால். நோயாளித் தம்பியின் வைத்தியச் செலவுக்காகப் பட்டாளத்தில் இருக்கும் நேர்மையான ஆள். படிப்படியாகத் தொழிலில் இழுக்கப்படுகிறான். இழுப்பவர்களில் அவன் உடன்பிறந்த லான்ஸும் ஒருவன். வைஸ் சிட்டியை முடித்தவர்களுக்கு லான்ஸ் எப்படிப்பட்டவன் என்று நன்றாகத் தெரியும். அதனால் லான்ஸ் சிரித்துக்கொண்டே வந்து அறிமுகமாகும்போது புதிய ஆட்டக்காரர் அவனை ஜாலியான சகோதரனாகப் பார்ப்பார். நமக்கோ வயிற்றைப் பிசையும். கடைசியில் இந்தத் தொழிலே வேண்டாம் என்று விக் ஒதுங்க நினைக்கும் இடத்தில், புதியவருக்கு அது ஒரு நிம்மதியான முடிவு. நமக்கு அந்த ஹெலிகாப்டர்ச் சத்தம் கேட்கத் தொடங்கிவிடும்.

இந்த ஆட்டம் கம்ப்யூட்டருக்கு வரவே இல்லை. பிஎஸ்பி, அப்புறம் பிளேஸ்டேஷன் 2, அவ்வளவுதான். அதனால் நெட் சென்டரில் வைஸ் சிட்டி ஆடி வளர்ந்த எங்களில் பெரும்பாலானவர்களுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ரசிகர்களுக்காகச் செய்த ஆட்டம் அந்த ரசிகர்கள் கையில் போய்ச் சேராமலே போனது. நம் ஊரில் ஒரு தொடர் வரிசைப்படி வந்து சேருவதில்லை. ஒருவரிடம் மூலம் இருக்கும், கிளை இருக்காது. இன்னொருவருக்கு எவரோ கொடுத்த கிளைதான் முதல் ஆட்டமாக இருக்கும். தமிழில் ரிவ்யூ எழுதுகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். ‘ரசிகர்’ என்று எழுதும்போது அமெரிக்காவிலோ ஜப்பானிலோ வெளியான நாளிலேயே ஒவ்வொன்றாக வாங்கி ஆடிய ஆளைக் கற்பனை செய்கிறோம். அந்த ஆள் ஆற்காட்டிலும் குடியாத்தத்திலும் அபூர்வம்.

தெரிந்த முடிவை ஆட்டத்தின் விதியாகவே மாற்றிய ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1997-இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி 7-இல் ஜாக் என்ற வீரன் இறந்துபோனவனாகத்தான் நினைவுகளில் வருகிறான். 2007-இல் பிஎஸ்பிக்கு வந்த கிரைசிஸ் கோர் அவனை நாயகனாக்கியது. சண்டையின்போது திரையின் மூலையில் சூதாட்ட இயந்திரம் போல முகங்கள் சுழன்றுகொண்டே இருக்கும். ஜாக் வாழ்க்கையில் சந்தித்தவர்களின் முகங்கள். மூன்று ஒன்றாகப் பொருந்தினால் அவனுக்குப் புதுப் பலம் கிடைக்கும். ஆட்டம் முழுக்க இது ஒரு சாதாரண வசதி என்றே நினைத்து ஆடுவோம். கடைசிச் சண்டையில் எதிரிகள் முடிவில்லாமல் வந்துகொண்டிருக்க, அந்தச் சுழற்சி தடுமாறத் தொடங்கும். முகங்கள் ஒவ்வொன்றாக மங்கி மறையும். பட்டனை அழுத்திக்கொண்டே இருப்போம், எதுவும் நம்மைக் காப்பாற்றாது. ஜாக் சாவான் என்று பத்தாண்டுகளாகத் தெரிந்தவனையும் அந்த இடம் உலுக்கிவிடும். கூத்தில் பொன்னுருவி செய்வதை இங்கே ஒரு சுழலும் சக்கரம் செய்கிறது. புதுப்பித்த பதிப்பு 2022 டிசம்பரில் கம்ப்யூட்டர் உட்படப் பல கருவிகளுக்கு வந்தது. நம் ஊரில் இப்போது கிடைக்கிறது என்பதால் தாராளமாகப் பரிந்துரைப்பேன். ஆனால் மூலக்கதையை ஆடிய பிறகு.

வல்லாள மகாராஜனுக்குத் தெரிந்த ஊர்

அன்சார்ட்டட்: தி லாஸ்ட் லெகஸி எனக்கு வேறு காரணத்துக்காக நெருக்கமானது. 2016-இல் வந்த அன்சார்ட்டட் 4-க்குக் கூடுதல் அத்தியாயமாகத் திட்டமிடப்பட்டு, செய்யச் செய்ய வளர்ந்து, 2017 ஆகஸ்டில் தனி ஆட்டமாகவே வந்தது. முழு விலையான 60 டாலருக்குப் பதிலாக 40 டாலர் வைத்தார்கள். தொடரின் நாயகன் நேதன் டிரேக் இதில் இல்லை. 2009-இல் இரண்டாம் பாகத்தில் அறிமுகமான குளோயியும், நான்காம் பாகத்தில் எதிரியாக வந்த நடீனும் சேர்ந்து புதையல் தேடுகிறார்கள். தேடுவது பிள்ளையாரின் தந்தம். தேடும் இடம் மேற்குத் தொடர்ச்சி மலை. புதையலுக்குச் சொந்தக்காரர்கள் கர்நாடகத்தை ஆண்ட ஹொய்சாளர்கள்.

தொடரை ஆடியவன் நடீன்மீது ஒரு கோபத்தோடுதான் உள்ளே வருவான். நான்காம் பாகத்தில் அவள் கையால் வாங்கிய அடி அப்படி. ஆட்டத்தை எழுதியவர்களுக்கு அது தெரியும். இரண்டு பெண்களுக்கும் இடையே நம்பிக்கை மெல்ல மெல்ல வளரும்போது, ரசிகனின் கோபமும் அதே வேகத்தில் கரையும்படி செய்திருக்கிறார்கள். புதியவருக்கு இது நல்ல கூட்டாளிக் கதை. பழையவருக்கு ஒரு மனமாற்றம். குளோயியின் அப்பா இந்தியர், தொல்பொருள் ஆராய்ச்சி செய்தவர் என்று இதில் தெரியவருகிறது. முந்தைய பாகங்கள் சொல்லாமல் விட்ட வெற்றிடத்தில் வளர்ந்த கிளை இது. வல்லாரைக் கொடி மாதிரி மூலத்துக்குக் கேடில்லாமல் படர்கிறது.

இதற்கு நிறுவனமே எதிர்பார்க்காத இன்னொரு ரசிகர் கூட்டம் இருக்கிறது, அது நாம். விளையாட்டில் தந்தம் உடைந்த கதையைப் பரசுராமனின் கோடரியோடு சேர்த்துச் சொல்கிறார்கள். புராணத்தில் உள்ளதுதான். ஆனால் வியாசர் சொல்லச் சொல்ல, கொம்பை ஒடித்து பாரதம் எழுதிய பிள்ளையார்தான் எங்கள் பக்கத்துக் குழந்தைக்கு முதலில் தெரிந்தவர். அப்புறம் ஹொய்சாளர்களின் தலைநகரான ஹளேபீடு. ஆட்டத்தில் அது அருவிகளுக்கும் மலைகளுக்கும் நடுவே ராட்சதச் சிலைகளோடு நிற்கிறது. உண்மையான ஹளேபீடு ஹாசன் மாவட்டத்தில், நட்சத்திர வடிவ மேடையில் நிற்கும் மாக்கல் கோயில். அதன் அழகு பிரம்மாண்டத்தில் இல்லை. யானையும் குதிரையும் வரிசை வரிசையாக ஓடும் நுணுக்கத்தில் இருக்கிறது. வேலூர்க் கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத்துத் தூண்களைத் தடவிப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, கருங்கல்லில் உளி எவ்வளவு போகும், மாக்கல்லில் எவ்வளவு போகும் என்ற வித்தியாசம் கண்ணில் பட்டுவிடும். ஆட்டத்தின் கலைஞர்கள் சிற்பங்களை அக்கறையோடு பார்த்திருக்கிறார்கள், அளவைத்தான் சாகசத்துக்காகப் பெருக்கிவிட்டார்கள்.

ஹொய்சாளர் கதை எங்கோ கர்நாடகத்தில் முடிந்துபோனதும் இல்லை. 14-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் வீர வல்லாளன் திருவண்ணாமலையில் இருந்து ஆண்டான். 1989 வரை திருவண்ணாமலை எங்கள் வேலூரோடு சேர்ந்து வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. பெரிய கோயிலில் இன்றும் வல்லாள மகாராஜன் கோபுரம் நிற்கிறது. பிள்ளை இல்லாத அந்த ராஜாவுக்கு அருணாசலேஸ்வரரே மகனாக இருந்து, ஒவ்வொரு மாசி மகத்துக்கும் பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போய்த் திதி கொடுக்கிறார். குளோயி இருட்டுக் குகையில் ஹொய்சாள அரசனின் பெயரைச் சொல்லும்போது, அந்தத் திதிக்குப் போய் வந்தவனுக்கு உள்ளே ஏதோ நெகிழ்கிறது. இதை ஆட்டத்தை எழுதியவர்கள் வைக்கவில்லை, நாம் கொண்டுபோவது. தமிழில் எழுதப்படும் ரிவ்யூவில் இதற்கு இடம் உண்டு என்பேன். வேறெந்த மொழியில் எழுதுகிறவரும் இதை எழுத மாட்டார்.

வெளிவந்தபோது பலர் சொன்ன குறை, இது நான்காம் பாகத்தின் சூத்திரத்தையே திரும்பச் செய்கிறது என்பது. ஏறுவது, குதிப்பது, சுடுவது, புதிர் எல்லாம் பழையவை. உண்மைதான். ஆனால் நடுவில் ஜீப்பில் எங்கே வேண்டுமானாலும் போகலாம் என்று திறந்துவிடும் பெரிய அத்தியாயம் தொடருக்கு நல்ல காற்றோட்டம் தந்தது. விலை குறைந்த, அளவு குறைந்த ஆட்டத்தை முழுப் பாகத்தோடு நிறுத்தி எடை போடுவது நியாயமில்லை.

மதிப்பெண் என்ற தொல்லை

ஜப்பானின் ஃபமிட்சு பத்திரிகையில் ஒரு ஆட்டத்தை நான்கு பேர் தனித்தனியாக ஆடி, ஆளுக்குப் பத்துக்கு மதிப்பெண் போடுவார்கள். கூட்டினால் நாற்பது. நால்வரும் வேறு வேறு ரசனைக்காரர்கள் என்பது வாசகனுக்குத் தெரியும். 2001-இல் வந்த மெட்டாக்ரிட்டிக் பல ரிவ்யூக்களின் மதிப்பெண்களைச் சேர்த்து ஒரே எண்ணாக்கித் தருகிறது. சாதாரண ஆட்டத்துக்கு அது உதவும். ஸ்பின்-ஆஃப்க்கு அது என் அக்கா மகனையும் அவன் நண்பனையும் கூட்டி இரண்டால் வகுப்பதாகிவிடும். வரும் எண் இருவருடையதும் அல்ல.

அதனால் எழுதுகிறவர் முதல் பத்தியிலேயே தன் உறவைச் சொல்லிவிட வேண்டும். எந்தப் பாகத்தை ஆடினேன், எதை முடித்தேன், எதைப் பாதியில் விட்டேன். இது தற்பெருமையில் சேராது. வாசகன் தன்னை எங்கே வைத்துப் பார்ப்பது என்பதற்கான அடையாளக் கல்.

ரசிகர்களுக்குள்ளும் படிகள் உண்டு. பெர்சோனா 5 ஸ்ட்ரைக்கர்ஸ் 2020-இல் ஜப்பானிலும் 2021 பிப்ரவரியில் மற்ற நாடுகளிலும் வந்தது. மூலக்கதை முடிந்து சில மாதங்களுக்குப் பிறகு, பழைய நண்பர்கள் கோடை விடுமுறையில் ஒன்றுகூடி ஜப்பான் முழுக்கச் சுற்றுகிறார்கள். யார் யார், எப்படி நண்பர்களானார்கள் என்ற அறிமுகத்துக்கு அதிகம் மெனக்கெடுவதில்லை. நேராகப் பழைய சிரிப்புக்குள் போய்விடுகிறது. தொடரை நேசித்தவனுக்கு அது லீவுக்கு ஊருக்கு வந்த உணர்வைத் தரும். ஆனால் ஜப்பானில் 2019-இல் வந்த விரிவாக்கப் பதிப்பான ராயலில் சேர்ந்த புதிய ஆட்கள் இதில் இல்லை. ராயலில்தான் தொடங்கினேன் என்பவன் ஒரு முகத்தைத் தேடித் தேடி ஏமாறுவான். ‘பெர்சோனா ரசிகர்களுக்கு’ என்று எழுதினால் இந்த இரண்டு பேரில் யாரைச் சொல்கிறோம்?

புதியவரை அழைத்துப் போகும் வேலையை எந்த ஆட்டம் நன்றாகச் செய்கிறது என்று பார்க்க எனக்குக் கூத்தின் கட்டியங்காரன்தான் அளவுகோல். திரைக்குப் பின்னால் பாடிக்கொண்டு வரும் ராஜாவை நிறுத்தி, நீ யார், எந்த ஊர், எதற்கு வந்தாய் என்று அவன் கேட்பான். அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கூத்து பார்க்கும் குழந்தைக்கு அதிலேயே கதை புரிந்துவிடும். நூறு முறை பார்த்த பெரியவருக்கோ கட்டியங்காரனின் கேலி புதிதாக இருக்கும். ஒரே பேச்சு இரண்டு பேருக்கும் வேலை செய்கிறது. ‘இதுவரை நடந்தவை’ என்று தொடக்கத்தில் ஐந்து நிமிடப் படத்தை ஓட்டிவிடும் ஆட்டங்கள் பழையவரைச் சலிக்க வைத்து, புதியவரைக் குழப்புகின்றன. தி லாஸ்ட் லெகஸியில் அந்த வேலையைக் குளோயியும் நடீனும் ஜீப்பில் போகும்போது பேசும் பேச்சே செய்துவிடுகிறது. அதை எழுதியவர்களின் கை தேர்ந்த கை.

2025 நவம்பரில் ஸ்விட்ச் 2 கருவிக்கு ஹைரூல் வாரியர்ஸ்: ஏஜ் ஆஃப் இம்ப்ரிசன்மென்ட் வந்தது. டியர்ஸ் ஆஃப் தி கிங்டத்தில் நினைவுத் துண்டுகளாக மட்டும் பார்த்த பழங்காலப் போரைத்தான் இதில் ஆடுகிறோம். இந்த முறை இது தொடரின் அதிகாரபூர்வ வரலாற்றில் சேர்ந்தது என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார்கள். ராவ்ரு மன்னன் தன்னையே விலையாகக் கொடுத்துத்தான் எதிரியை அடைத்து வைப்பான் என்று மூலத்தை ஆடிய எல்லோருக்கும் தெரியும்.

என் அக்கா மகன் இப்போது பெங்களூரில் வேலையில் இருக்கிறான். அறிவிப்பைப் பார்த்த அன்று போன் செய்தான். “மாமா, இதில் ராவ்ரு செத்துவிடுவான் இல்லையா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். “அப்படியென்றால் வாங்கிவிடுகிறேன்” என்றான்.